சரக்கு வண்டியும் பிளக் இடைவெளியும்

மேட்டுப்பாளையத்தில் அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் ஏற்றிக்கொண்டு கேத்திக்குத் திரும்பும் வணிகருக்கு, பர்லியாறு தாண்டியதும் வண்டி திணறினால் அன்றைய வியாபாரம் போயிற்று. சமதளத்தில் ஒழுங்காக ஓடிய ஆம்னி வேன் கொண்டை ஊசி வளைவில் மட்டும் ஏன் விக்குகிறது? பல வண்டிகளில் காரணம், ஸ்பார்க் பிளக்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளிதான். (டீசல் வண்டிக்காரர்கள் இப்பக்கத்தைத் தாண்டிவிடலாம். அவற்றில் ஸ்பார்க் பிளக் கிடையாது.)

பிளக்கின் நடுக்கம்பிக்கும், அதன்மேல் வளைந்து நிற்கும் முனைக்கும் இடையே பொறி தாவுகிறது. அதுவே பெட்ரோல் கலந்த காற்றைப் பற்ற வைக்கிறது. இடைவெளி குறைந்தால் பொறி சிறுத்துப்போய், ஐடிலில் வண்டி நடுங்கும். கூடினால் பொறி தாவ அதிக மின்னழுத்தம் வேண்டும். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை அழுத்தும்போது சிலிண்டருக்குள் காற்று அதிகமாக அடைபடுகிறது. நெருங்கிய காற்றில் பொறி தாவுவது கடினம். காலி வண்டியில் தெரியாத கோளாறு சரக்கோடு மலையேறும்போது தலைகாட்டுவது இதனால்தான். ஓட ஓட முனைகள் தேய்ந்து இடைவெளி தானாகவே கூடிவிடும்.

முன்பெல்லாம் நாம் ஆக்ஸா பிளேடை நுழைத்துப் பார்த்தே இடைவெளி வைத்து வந்தோம். அதிலும் ஒரு கணக்கு உண்டு. பிளேடின் கனம் சுமார் 0.6 மில்லிமீட்டர். அம்பாசடர் போன்ற பழைய கார்களுக்கு அது ஏறக்குறையப் பொருந்தியது. பின்னாளில் வாங்கிய எலக்ட்ரானிக் இக்னிஷன் வண்டிக்கும் அதே பிளேடைப் பிடித்தோம். விளைவு, காலையில் காய்கறி மூட்டையுடன் கிளம்பும் நேரத்தில் வண்டி நடுங்கி நடுங்கி நின்றது. மெக்கானிக்கையும் பெட்ரோலையும் குறை சொல்லிவிட்டு, கடைசியில்தான் பிளக்கைக் கழற்றினோம். அவ்வகை வண்டிகள் பலவற்றுக்கு 1 மில்லிமீட்டரை ஒட்டிய இடைவெளி வேண்டும். கார்புரேட்டர் வைத்த மாருதி 800, ஆம்னி வண்டிகளுக்கு 0.7 முதல் 0.8 வரை. எதுவானாலும் வண்டியோடு வந்த புத்தகத்தில் உள்ள அளவே அளவு.

உதிரிபாகக் கடையில் ஃபீலர் கேஜ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே பிளக்கைத் தொட வேண்டும். சூட்டில் கழற்றினால் அலுமினிய ஹெட்டின் மரை போய்விடும். அச்செலவு பல மாத லாபத்தைத் தின்றுவிடும். வயர்கள் மாறிப்போகாமல் இருக்க ஒவ்வொரு பிளக்காகக் கழற்றுங்கள். கழற்றுமுன் சுற்றியுள்ள தூசியை ஊதிவிடுங்கள். புத்தகம் சொல்லும் கனமுள்ள தகடு லேசான உரசலோடு நுழைந்து வரவேண்டும். தளர்வாக இருந்தால் வளைந்த முனையை மெல்லத் தட்டுங்கள். இறுக்கமாக இருந்தால் அதே முனையை மட்டும் சிறிது நெம்புங்கள். நடுக்கம்பியில் ஸ்குரூடிரைவரை ஊன்றினால் உள்ளே பீங்கான் விரிந்துவிடும். மெல்லிய இரிடியம் முனை பிளக்குகளில் கை வைக்காமல் இருப்பதே நல்லது. முனை குழிவாகத் தேய்ந்திருந்தால் தகடு பொய் சொல்லும். அந்தப் பிளக்கை மாற்றிவிடுங்கள். திரும்பப் போடும்போது முதலில் கையாலேயே மரையேற்றி, பிறகு ஸ்பேனரால் அளவாக முறுக்குங்கள்.

நம் ஊருக்கென்று ஒரு விஷயம் உண்டு. கேத்தி ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடற்கரையை விட இங்கே காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கீழ்நாட்டில் டியூன் செய்த கார்புரேட்டர், இங்குள்ள மெல்லிய காற்றுக்குப் பெட்ரோலை அதிகமாகவே ஊற்றும். பிளக்கில் உலர்ந்த கரி படியும். பனிக்காலையில் இழுத்த சோக்கை மறந்துவிட்டாலும் அதே கரிதான். கரியைப் பார்த்ததும் இடைவெளியைக் கூட்டிக் குறைத்துப் பயனில்லை. ஏர் ஃபில்டரையும் கார்புரேட்டரையும் உள்ளூர் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். ஊசியேற்ற முறையில் பெட்ரோல் பாயும் எம்.பி.எஃப்.ஐ. வண்டிகள் உயரத்துக்கேற்பப் பெட்ரோலைத் தாமே குறைத்துக்கொள்ளும். கரி உலராமல் எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால், ரிங் தேய்ந்ததா, வால்வு சீல் போயிற்றா என்று பார்க்கச் சொல்லுங்கள்.