சின்ன மரங்கொத்தியும் பட்டுப்போன கொப்பும்

வன்னிப் பெருநிலத்தில் வயலுக்கும் காட்டுக்கும் இடையே தூரம் அதிகமில்லை. குளத்தின் கீழே நெல் விளைய, குளத்தின் மேற்புறத்தே பாலையும் வீரையும் முதிரையும் ஓங்கி நிற்கும். இரணைமடுவாயினும் முத்தையன்கட்டாயினும் பாவற்குளமாயினும் இந்த அமைப்பு பெரிதும் மாறுவதில்லை. வயற்கரையில் இறங்கும் கொக்கையும் மயிலையும் அறியாத கமக்காரர் இலர். ஆனால் தமது வேலி மரத்திலேயே பூச்சி பொறுக்கித் திரியும் சின்ன மரங்கொத்தியைக் கண்டறிந்தோர் மிகச் சிலரே.

இப்பறவை ஏறத்தாழ 5 அங்குல நீளமுடையது. அதாவது, ஊர்க்குருவியினும் சற்றே சிறியது. நிறை 13 முதல் 17 கிராம் வரையாகும். முதுகும் சிறகும் கருங்கபில நிறமாய், குறுக்கே வெண்கோடுகள் பெற்றிருக்கும். வயிற்றுப்புறம் மங்கிய வெண்மை. கண்ணைச் சுற்றி இறகில்லாத செந்நிறத் தோல் உண்டு. ஆண்பறவையின் பின்தலையில் இரு மருங்கும் மெல்லிய சிவப்புக் கீற்று ஒன்று காணப்படும் எனினும், கையில் எடுத்துப் பார்த்தாலன்றி அது எளிதிற் புலப்படாது. விகோர்ஸ் என்னும் அயர்லாந்து அறிஞர் 1832 இல் இவ்வினத்துக்குப் பெயரிட்டார். இலங்கையில் வாழும் கிளையினத்தைக் கல்கத்தாவிலிருந்த எட்வேட் பிளைத் என்பார் 1849 இல் வேறாகப் பிரித்து, அதன் வெறுங்கண் தோலைக் குறிக்கும் பெயரையே அதற்கு இட்டார்.

காய்ந்து வெடித்த மரப்பட்டையும், அதன்மேற் படர்ந்த வெண்ணிறப் பாசிப்படலமும் எவ்வாறு தோன்றுமோ அவ்வாறே இதன் முதுகும் தோன்றும். ஆதலின் அசையாது ஒட்டியிருக்கும் பறவை பத்தடி தூரத்திலும் கண்ணுக்குத் தப்பிவிடும். வல்லூறு போன்ற பகைப்பறவை வரின், அல்லது மனிதர் அண்மையில் நடப்பின், அது பறந்தோடுவதில்லை. கொப்பின் மறுபக்கத்துக்கு மெல்ல நகர்ந்து மறைந்துகொள்ளும். பார்ப்பவர் மரத்தைச் சுற்றி வந்தால் அதுவும் சுற்றிக்கொண்டே செல்லும்.

மரத்தில் ஏறுவதற்கு வேண்டிய கருவிகள் யாவும் அதன் உடலிலேயே உள்ளன. காலில் இரு விரல்கள் முன்னோக்கியும் இரு விரல்கள் பின்னோக்கியும் அமைந்துள்ளன. வாலிறகுகள் விறைப்பானவை, பட்டையில் ஊன்றி நிற்க அவை மூன்றாவது காலைப்போல உதவும். நாக்கு மிக நீளமானது. அதன் அடியெலும்பு மண்டையோட்டைப் பின்புறமாகச் சுற்றி மேலேறிக் கிடக்கிறது. நாவின் நுனியிலுள்ள நுண்முட்களும் பசைபோன்ற உமிழ்நீரும் துளைக்குள் ஒளிந்த புழுவை இழுத்தெடுக்கப் பயன்படுகின்றன. இத்தனை முறை கொத்தியும் மூளை கலங்காதது ஏன் என்ற கேள்வி பலருக்கும் எழும். மண்டையோடு அதிர்ச்சியைத் தாங்கும் மெத்தைபோல வேலை செய்கிறது என்றே நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. 2022 இல் வெளியான ஓர் ஆய்வு இதனை மறுத்தது. தலை முழுவதும் விறைத்த சுத்தியலாகவே இயங்குகிறது. மூளை மிகச் சிறிதாயிருப்பதே அதற்குப் பாதுகாப்பு. மெத்தை வைத்த சுத்தியலால் ஆணி அறைய இயலாது என்பதைத் தச்சரும் அறிவர்.

சின்ன மரங்கொத்தி பெருமரத்தின் அடியில் அதிகம் தங்குவதில்லை. விரலளவு, கைத்தடியளவு பருமனுள்ள கொப்புகளே அதன் மேய்ச்சல் நிலம். அவற்றின் பட்டை வெடிப்புகளில் வாழும் சிறு வண்டுகள், அவற்றின் குடம்பிகள், எறும்புகள் ஆகியவற்றை உண்ணும். சிறு பழங்களையும் பூந்தேனையும் சிலவேளை உண்பதுண்டு. பிற சிறு பறவைகளோடு கூட்டமாகச் சேர்ந்து மரத்துக்கு மரம் செல்லும் வழக்கமும் அதற்குண்டு.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லுதல் வேண்டும். நெல்லைத் தாக்கும் கபிலத் தத்தியையோ, கத்தரியின் தண்டையும் காயையும் துளைக்கும் புழுவையோ இப்பறவை வந்து அழிக்கும் என எதிர்பார்ப்பது வீண். அது மரத்தின் பறவை. வயலில் அவ்வேலையை ஓரளவு செய்பவை கரிச்சானும் தகைவிலானும் கொக்கும் ஆகும். சின்ன மரங்கொத்தியின் உதவி மரங்களோடு நின்றுவிடுகிறது. அதன் சொண்டு சிறியதாகையால், மாமரத்தின் அடியைக் குடையும் பெரிய வண்டுப்புழுவும் அதற்கு எட்டாது.

அத்தகைய அடிமரங்களிற் கொத்துவது அதனினும் பெரிய பொன்முதுகு மரங்கொத்தி. வட இலங்கையில் வாழும் அதன் கிளையினத்துக்கு 1944 இல் விசிலர் என்பவர் யாழ்ப்பாணத்தின் பெயரையே சூட்டினார். தெற்கே செல்லச் செல்லச் செம்முதுகு மரங்கொத்தி அதன் இடத்தைப் பிடிக்கிறது. இரண்டும் சந்திக்கும் பகுதிகளில் கலப்பு நிறப் பறவைகளும் உள. தென்னையைத் துளைத்துக் கெடுக்கிறது என்று பொன்முதுகின்மேல் கமக்காரர் பழி கூறுவர். அது முற்றிலும் பொய்யன்று. தென்னையில் அது பொந்து குடைவதுண்டு. ஆயினும் எல்லாத் துளையும் அதனுடையதன்று. பொந்தின் வாய் வட்டமாய், விளிம்பு சுத்தமாய் இருப்பின் பறவையின் வேலை எனலாம். சிறு துளைகளிலிருந்து கபில நிறச் சாறு வடிந்து, மென்ற நார்த்தூள் வெளிவருமாயின், உள்ளே இருப்பது சிவப்புக் கூன்வண்டின் புழு. அந்நிலையில் பறவைமேற் கல்லெறிவதால் தென்னை பிழைக்காது. உடனே விவசாயப் போதனாசிரியருக்கு அறிவித்தல் வேண்டும். அன்றியும், மரங்கொத்திகளைக் கொல்லுதல் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றமாகும்.

இனிச் சின்ன மரங்கொத்தியின் கூட்டைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறவேண்டும். கமக்காரரின் கத்திக்கும் அதன் வாழ்வுக்கும் தொடர்பு இங்கேதான் உண்டாகிறது. பச்சை மரத்தைக் குடைய அதற்கு வலுவில்லை. பட்டு உளுத்த கொப்பொன்றைத் தேடி, பெரும்பாலும் அதன் கீழ்ப்புறத்தில், மழைநீர் புகாதபடி சிறு வட்டத் துளையிடும். உள்ளே புல்லோ பஞ்சோ இடுவதில்லை. வெறும் மரத்தின்மேல் 2 அல்லது 3 வெண்முட்டைகள் இடப்படும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாத்துக் குஞ்சுகளுக்கு இரை கொடுக்கும்.

கூடுகட்டும் காலம் பெரும்பாலும் ஆண்டின் முற்பாதி. வன்னியில் பெரும்போக அறுவடை முடிந்து, கமக்காரர் வேலி திருத்தி விறகு வெட்டத் தொடங்குவதும் அக்காலத்திலேயே. முதலில் கத்தி விழுவது பட்ட கொப்பில். பச்சைக் கொப்பு தப்பிவிடும். முட்டையுள்ள கொப்பு அடுப்புக்குப் போய்விடும்.

போர்க்காலத்திற் பதுங்குகுழி அமைப்பதற்காகப் பனைகளும் பிற மரங்களும் பல இடங்களில் வெட்டப்பட்டன. 2009 இன் பின் மீளக் குடியேறியோர் நட்ட மரங்கள் வளர்ந்து நிழல் தருகின்றன. ஆயினும் அவை இளமரங்கள். இளமரத்திற் பட்ட கொப்பு குறைவு. ஆதலின் முதிய மருதிலும் புளியிலும் இலுப்பையிலும் எஞ்சியுள்ள உலர்ந்த கொப்புகள், எண்ணிக்கையிற் சிறிதாயினும், இப்பறவைக்குப் பெரும் உடைமையாம். மரங்கொத்திகள் கைவிட்ட பொந்துகளை வேறு பறவைகளும் பயன்படுத்துகின்றன. பொன்முதுகின் பழைய பொந்தில் மைனாவும் குடியேறும், கிளியும் குடியேறும். மைனா உழவுக்குப் பின்னே புழு பொறுக்கும். கிளி நெற்கதிரை அறுக்கும். இலாபமும் நட்டமும் ஒரே பொந்திலிருந்து வருவதை மறைப்பதற்கில்லை.

பட்ட கொப்பு எதையும் வெட்டலாகாது என்பது இதன் பொருளன்று. வீட்டுக்கும் வழிக்கும் மேலே தொங்குவதை வெட்டியே தீரவேண்டும். மா, எலுமிச்சை, தோடை முதலிய பழமரங்களில் துளைப்பான் புகுந்த கிளைகளை அகற்றி எரித்தலே முறை. குளக்கட்டின் கீழ்ப்புறத்திலும் எல்லை வேலியிலும் நிற்கும் பெருமரங்களின் உலர்ந்த கொப்புகளையே விட்டுவைக்கலாம். அவற்றையும் வெட்டவேண்டி வரின், மாசி முதல் ஆடி வரை பொறுத்து, ஆவணி, புரட்டாதி மாதங்களில் வெட்டுதல் தகும். பெரும்போக விதைப்புக்கு முன் சீமைக்கிளுவைத் தழை வெட்டும் காலமும் அதுவே. கூலியும் தனியே செல்லாது.

இடையில் வெட்ட நேர்ந்தால், கொப்பின் கீழ்ப்புறத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தல் நன்று. பொந்து கண்ணிற் படாவிடினும், அண்மையிற் குடையப்பட்டதாயின் அதன் நேர்கீழே நிலத்தில் வெளிறிய மரத்தூள் சிதறிக் கிடக்கும்.