தோட்டமும் பிரதேச சபையின் வரவு செலவும்

பதுளையிலிருந்து பசறை, லுணுகலை வழியாகச் செங்கலடி நோக்கிச் செல்லும் பெருந்தெருவிலே பயணஞ் செய்யாத பழைய மாணவர் நம்முள் மிகச் சிலரே ஆவர். அத்தெருவிற் பேருந்தை விட்டிறங்கிக் கிளைத்தெருவில் நடந்து, தேயிலை மலையேறித் தன் லயத்தை அடையும் மாணவன் ஒருவன், தான் அறியாமலே பல ஆட்சிகளின் எல்லைகளைக் கடக்கின்றான். ஏ, பி வகுப்புத் தெருக்களைப் பேணுவது மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகாரசபை. சி, டி வகுப்புத் தெருக்கள் மாகாணத்தின் பொறுப்பு. அவற்றினும் சிறிய ஊர்த்தெருக்கள் பிரதேச சபையினுடையவை. இறுதியில் எஞ்சும் தோட்டத்துப் பாதைக்கோ நெடுங்காலம் பொதுப்பணத்திற் பங்கு இருக்கவில்லை. அஃது ஏன் என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

திருவள்ளுவர் இறைமாட்சியைக் கூறுமிடத்து, பொருள் வரும் வழிகளை உண்டாக்குதல், வந்ததைச் சேர்த்தல், சேர்த்ததைக் காத்தல், காத்ததைப் பகுத்தளித்தல் என நான்கு திறன்களை அரசுக்கு உரியனவாக்கினார். வரவு செலவுத் திட்டம் என நாம் இன்று வழங்குவது இந்நான்கையுமே. தோட்ட மக்களைப் பொறுத்தவரை முதல் மூன்றிற் குறைவில்லை. நான்காவதிலேதான் குறை நேர்ந்தது.

பிரதேச சபைக்கு வருவாய் எங்ஙனம் வருகின்றது? கட்டடங்கள் நெருங்கிய இடங்களில் ஆதனவரி, வணிக நிலையங்களுக்கு உரிமக் கட்டணம், சந்தைக் குத்தகை ஆகியன சபை தானே அறவிடுபவை. நிலம் கைமாறும்போது செலுத்தப்படும் முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப்பணமும் மாகாண சபை வழியாக வந்து சேர்வன. இவற்றோடு, நிரந்தரமாகப் பயிரிடப்படும் பெருநிலங்களுக்கு ஏக்கர் வரி விதிக்கும் அதிகாரமும் சபைக்கு உண்டு. தேயிலைத் தோட்டமும் பயிர்நிலமே அன்றோ? மேலும், சம்பளத்தை அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலே பசறையிலும் லுணுகலையிலும் கடைவீதிகளை நிரப்புவோர் யாவர்? தோட்டத்துத் தொழிலாளரே. கடைக்காரர் செலுத்தும் உரிமக் கட்டணத்திலும் சந்தைக் குத்தகையிலும் அவர்தம் வியர்வை கலந்தே இருக்கின்றது.

இவ்வாறு வரவிலே இடம்பெற்றவர், செலவிலே இடம்பெறாமைக்குக் காரணம் பழையது. 1930 களிற் கிராமச் சங்கச் சட்டம் திருத்தப்பட்டபோது, லயங்களில் வாழ்ந்த தொழிலாளர் அதன் வாக்காளருக்குப் புறம்பாக நிறுத்தப்பட்டனர். தோட்டம் துரையின் ஆட்சிக்கு உரியது, கிராமம் சபையின் ஆட்சிக்கு உரியது என்னும் பிரிவு அக்காலத்தே வேரூன்றியது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. மறு ஆண்டே பாராளுமன்ற வாக்குரிமையும் பறிபோயிற்று. 1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. உடைமையும் நிர்வாகமும் மாறியும் அப்பிரிவு மட்டும் மாறவில்லை.

பிரதேச சபைகளைத் தோற்றுவித்த 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டமும் அதனைத் தொடர்ந்தது. அச்சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளிற் சபை நிதியைச் செலவிடுதற்குத் தடையாக விளங்கியது. இதன் விளைவு விந்தையானது. குடியுரிமையை மீளப் பெற்ற தோட்ட மக்கள் வாக்களித்தனர். அவர்தம் பிரதிநிதிகள் சபையில் அமர்ந்து கை உயர்த்தினர். ஆயினும் தம்மைத் தெரிந்தனுப்பிய லயத்துக்கு ஒரு வடிகால் அமைத்துக் கொடுக்கவும் அவர்களுக்குச் சட்டம் இடந்தரவில்லை. ஏக்கர் வரிக்கு வழிசெய்த அதே சட்டமே செலவுக்கு வழியடைத்தது.

வடிகால் அற்ப காரியமன்று. 2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆந் திகதி கொஸ்லந்தை, மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை ஊவாவிலே மறந்தவர் இலர். அத்துயருக்கு ஒரு சட்டப்பிரிவையே காரணமாக்குதல் நியாயமாகாது. எனினும், மக்கள் வாழும் மலைச்சரிவைக் கவனிக்கும் கடமை எவருடையது என்ற வினாவை அந்நாள் நாடறிய எழுப்பியது.

2018 ஆம் ஆண்டிலே பாராளுமன்றம் பிரதேச சபைச் சட்டத்தைத் திருத்தித் தடையை நீக்கியது. மலையகப் பிரதிநிதிகளும் சமூக அமைப்புகளும் பல்லாண்டு வற்புறுத்தியதன் பயன் அது. ஆனால் ஈண்டு ஒன்றைத் தெளிவாக உணர்தல் வேண்டும். செலவிடலாம் என்னும் அனுமதி வேறு. செலவிடுவோம் என்னும் ஒதுக்கீடு வேறு. முன்னதைப் பாராளுமன்றம் தந்துவிட்டது. பின்னதை ஆண்டுதோறும் தவிசாளர் சமர்ப்பிக்கும் வரவு செலவுத் திட்டமே தருதல் வேண்டும். ஒரு தோட்டத்தின் பெயர் அத்திட்டத்திலே ஒரு வரியாக எழுதப்படாதவரை, திருத்தச் சட்டம் ஏட்டுச் சுரைக்காயே.

வேறோர் இடரும் உண்டு. சபையின் சொந்த வருவாய் சிறிது, கேட்போரோ பலர். லயத்தில் வாழ்வோர்க்கு நிலவுறுதி இல்லையாதலின், அங்கு நிலம் கைமாறுவதுமில்லை, முத்திரைத் தீர்வை பிறப்பதுமில்லை. ஆகவே, தோட்டங்களை மிகுதியாகக் கொண்ட சபை, தேவை மிகுந்ததாயும் வருவாய் குறைந்ததாயும் இருத்தல் இயல்பு. மாகாணங்களுக்கு நிதி பகிர்வதற்குப் பரிந்துரை செய்யும் நிதி ஆணைக்குழுவும், அதனைப் பெற்றுப் பகுத்தளிக்கும் மாகாணமும் இக்குறையைக் கணக்கிற் கொள்ளுதல் அவசியம்.

இது முடியாத காரியமன்று என்பதற்கு நம் கல்வியே சான்று. தோட்டப் பாடசாலைகளை 1970 களின் பிற்பகுதி முதல் அரசு பொறுப்பேற்றது. அதன்பின் பொதுப்பணம் தோட்ட எல்லையைக் கடந்து ஆசிரியராயும் நூலாயும் கட்டடமாயும் சென்றது. அவ்வழியே படித்தேறி வந்தோர் நம் கல்லூரிகளிலும் அலுவலகங்களிலும் இன்று நிறைந்துளர். பாடசாலைக்குச் சென்ற பணம் பாதைக்கும் குடிநீருக்கும் ஏன் செல்லலாகாது?

பழைய மாணவர்காள்! நம்முட் கணக்கறிந்தோர் உளர், சட்டமறிந்தோர் உளர், சபை உறுப்பினராய் வீற்றிருப்போரும் உளர். 2016 ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி, தம் சபையின் வரவு செலவுக் கணக்கைக் கேட்டுப் பெறும் உரிமை ஒவ்வொரு பிரசைக்கும் உண்டு. ஆண்டுக்கொருமுறை அதனைப் பெற்று, ஏக்கர் வரியாக வந்தது எவ்வளவு, தோட்டத்துக்குச் சென்றது எவ்வளவு என்று இரு நிரல்களில் எழுதிப் பார்ப்போமாக. பார்த்ததைத் தோட்டத்து மக்களுக்குத் தமிழில் விளங்கச் சொல்வோமாக. கல்லூரி நமக்குக் கற்பித்த கூட்டலும் கழித்தலும் இதனினும் நற்பணிக்கு உதவுதல் அரிது.