டின் மாவில் பலம் கிடைக்குமா?

பத்தாந் திகதி சம்பளம் கைக்கு வந்தால், அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை ராகலைக் கடைத்தெருவில் கால் வைக்க இடமிருக்காது. அரிசி, கோதுமை மா, பருப்பு, கருவாடு என்று பை நிறைந்த பின்னும் ஒரு சிறு தொகையை முந்தானையில் முடிந்து வைத்திருக்கும் தாய்மாரை நான் அடிக்கடி காண்கின்றேன். அது பிள்ளையின் "மா டின்"னுக்காக ஒதுக்கிய பணம். தொலைக்காட்சியில் ஒரு சிறுவன் அந்த மாவைக் குடித்துவிட்டு உயரமாக வளர்ந்து ஓட்டப் போட்டியில் முதலாவதாக வருகின்றானல்லவா, அதே டின்தான். இப்போது அதனுடன் வேறு சிலவும் சேர்ந்துவிட்டன. சாப்பாட்டுக்குப் பதிலாகக் குடித்தால் உடம்பு மெலியும் என்று விற்கப்படும் மா, நுவரெலியாவின் பெரிய கடைகளில் சொக்கலேற் போலப் பளபளக்கும் கடதாசியில் சுற்றிய "புரோட்டீன் பார்", கொழும்பில் வேலை செய்யும் மகன் அனுப்பும் புரத மா என்று பட்டியல் நீள்கின்றது.

லயங்களுக்குப் போகும்போது என்னிடம் கேட்கப்படும் கேள்விகளில் இதுவும் ஒன்று. "மிஸ், இத குடிச்சா ஒடம்புக்குப் பலம்னு சொல்றாங்க, வாங்கலாங்களா?" பணம் தோட்டத் தொழிலாளியின் பணம் என்பதால் ஓரிரு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வருவதில்லை. 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. வருகைக்கான ஊக்குவிப்புத் தொகையையும் சேர்த்து நாளுக்கு 1,750 ரூபாவாக்கும் அறிவிப்பு 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் வந்தது. எந்தக் கணக்கில் பார்த்தாலும் ஒரு டின் என்பது பல நாள் கொழுந்து.

முதலில் டின்னின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், சகோதரிகளே. முன்பக்கத்தில் படம் இருக்கும். உண்மை பின்பக்கத்தில்தான் சிறிய எழுத்தில் இருக்கும். 100 கிராமில் புரதம் எத்தனை கிராம், சீனி எத்தனை கிராம் என்ற இரண்டு வரிகள் போதும். இந்தியாவில் 2023 ஏப்ரலில் ரேவந்த் ஹிமத்சிங்கா என்ற இளைஞர் போர்ன்விட்டா டின்னின் இந்தப் பின்பக்கத்தைத்தான் ஒரு வீடியோவில் வாசித்துக் காட்டினார். அப்போது அதில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 50 கிராம் சீனி இருந்தது. பாதி டின் சீனி! புரதமோ 7 கிராம். நிறுவனம் வக்கீல் நோட்டீஸ் அனுப்ப அவர் வீடியோவை நீக்க வேண்டியதாயிற்று. ஆனாலும் பேச்சு அடங்கவில்லை. அதே ஆண்டு முடிவதற்குள் நிறுவனம் தான் சேர்க்கும் சீனியின் அளவைக் குறைத்தது. 2024 ஏப்ரலில் இந்திய வர்த்தக அமைச்சு, இத்தகைய பானங்களை "ஆரோக்கிய பானம்" என்ற பெயரின் கீழ் வைத்து விற்கக் கூடாதென இணைய வர்த்தக நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. காரணம், அந்த நாட்டு உணவுச் சட்டத்தில் "ஆரோக்கிய பானம்" என்று ஒன்றே கிடையாது. ஹோர்லிக்ஸை விற்கும் ஹிந்துஸ்தான் யூனிலீவரும் அதே மாதத்தில் "ஆரோக்கிய" என்ற சொல்லைக் கைவிட்டு வேறு பெயருக்கு மாறியது. இத்தனை ஆண்டுகளாக நமது தாய்மார் நம்பிக் காசு கொடுத்தது ஒரு விளம்பரச் சொல்லுக்குத்தான்.

மெலிய வைக்கும் மாவின் கதை இன்னும் பழையது. 1959இல் அமெரிக்காவின் மீட் ஜோன்சன் நிறுவனம் "மெட்ரிகல்" என்ற பானத்தை விற்பனைக்கு விட்டது. நோயாளிகளுக்காக அவர்கள் தயாரித்து வந்த சஸ்டாஜனை ஒட்டிப் பிறந்ததே அது. ஒரு வேளைக்கு 225 கலோரி, நாளுக்கு நான்கு வேளை, மொத்தம் 900 கலோரி. படுத்திருக்கும் நோயாளிக்கான உணவு, மேசையருகே அமர்ந்து வேலை செய்யும் பணக்கார நாட்டுப் பெண்மணிகளுக்கான உணவாக மாறிய விதம் இதுதான். அந்த மா மலையேறிக் கொழுந்து பறிக்கும் பெண்ணிடம் வந்து சேர்ந்தால் என்னவாகும்?

எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சிக்கு இருபத்திரண்டு வயது. தை மாதம் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டில் யாரோ "பொண்ணு கொஞ்சம் குண்டு" என்று சொல்லிவிட்டார்களாம். பக்கத்து டிவிசனில் ஓர் அக்கா, ஆள் சேர்த்து ஆள் சேர்த்து விற்கும் கம்பனி ஒன்றில் சேர்ந்திருந்தார். அவர் மூலம் ஒரு மாதத்துக்குரிய மா வந்தது. கொடுத்த பணம் ஏறக்குறைய பதினான்கு நாள் சம்பளம். அதில் பாதி கடன். காலையில் ஒரு கோப்பை, பகலில் ஒரு கோப்பை, இரவில் மட்டும் சோறு. கோப்பைக்கு 220 கலோரி என்று டின்னில் எழுதியிருந்தது. இரவுச் சோற்றையும் சேர்த்தால் நாளுக்கு 1,200 கூட வராது. கூடையைச் சுமந்து சரிவில் ஏறி இறங்கும் ஒரு பெண்ணுக்கு 2,200 கலோரியளவாவது வேண்டும். மூன்றாவது வாரத்தில் பகல் கொழுந்து நிறுக்கப் போகும் வழியில் தலைசுற்றி விழுந்து கணுக்காலைப் பிசகிக்கொண்டாள். இரண்டு வாரம் பேர் விழவில்லை. இரத்தம் பரிசோதித்தபோது ஹீமோகுளோபின் 8.9. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு அது 12க்குக் குறையக் கூடாது. இரத்தச்சோகை மூன்று வாரத்தில் வந்ததல்ல. ஏற்கனவே இருந்த வருத்தம். அதற்கு மருந்து எடுக்க வேண்டிய உடம்பைத்தான் பட்டினி போட்டிருக்கிறார்கள். "களைப்பு வந்தா கொழுப்பு கரையுதுன்னு அர்த்தம்னு அக்கா சொன்னாங்க" என்று அவள் சொன்னபோது எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதுவதற்கில்லை.

அந்த அக்காவையும் முழுதாகக் குறை சொல்ல முடியாது. தான் கட்டிய பணத்தை மீட்பதற்கு அவருக்கு இன்னும் நாலு பேர் வேண்டும். ஆள் சேர்ப்பதிலேயே பணம் வரும் பிரமிட் முறை, வங்கித் தொழில் சட்டத்தின் 83சி பிரிவின் கீழ் இலங்கையில் குற்றமாகும். பொருள் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டால் அது குற்றமாகாது என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். பணம் பொருளை விற்பதால் வருகிறதா, ஆளைச் சேர்ப்பதால் வருகிறதா என்று கேளுங்கள்.

இந்த மா யாருக்குமே உதவாதா? அப்படிச் சொல்வதும் நியாயமல்ல. ஸ்கொட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் நீரிழிவு நோயாளிகளை வைத்து நடத்திய பெரிய ஆய்வொன்று 2017 டிசம்பரில் வெளியானது. மூன்று முதல் ஐந்து மாதங்கள் வரை நாளுக்கு 850 கலோரியளவில் இத்தகைய பானங்களை மட்டுமே கொடுத்தார்கள். ஓராண்டு முடிவில் அவர்களில் 46 வீதமானோர் மருந்தில்லாமலே நீரிழிவு இல்லாத நிலைக்கு வந்திருந்தனர். ஆனால் அவர்கள் உடல் பருத்தவர்கள். தாதியும் உணவு ஆலோசகரும் கூடவே இருந்து கவனித்தார்கள். நமது சீனி வருத்தக்காரர் மாத்திரையையும் விழுங்கிக்கொண்டு தன்னிச்சையாகச் சாப்பாட்டை நிறுத்தினால் இரத்தத்தில் சீனி திடீரென இறங்கி மயங்கிவிடக்கூடும். சத்திர சிகிச்சைக்குப் பின் மெல்ல முடியாதவர்கள், பல் விழுந்த முதியோர், புற்றுநோய்ச் சிகிச்சையில் வாய் புண்ணானவர்கள் போன்றோருக்கு வைத்தியரே இத்தகைய மாவை எழுதிக் கொடுப்பதுண்டு. அது கட்டாயம் வாங்க வேண்டியது. சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் மட்டும் புரத மாவை வைத்தியரிடம் கேட்காமல் தொடவே கூடாது.

உடற்பயிற்சி செய்யும் பையன்மாரின் புரத மா பற்றியும் ஒரு செய்தி. கேரளத்தைச் சேர்ந்த வைத்தியர் சிரியாக் அபி பிலிப்ஸ் குழுவினர் இந்தியச் சந்தையில் விற்கும் 36 வகைகளைப் பரிசோதித்து 2024இல் வெளியிட்டார்கள். அவற்றில் ஏறக்குறைய 70 வீதமானவற்றில் லேபிளில் போட்டிருந்த புரத அளவு சரியில்லை. சிலவற்றில் பூஞ்சண நஞ்சும் இருந்தது. அதே ஆண்டு மே மாதம் வெளிவந்த இந்திய உணவு வழிகாட்டியும், தசை வளர்க்கவென்று புரத மாவைக் குடிப்பதைத் தவிர்க்கச் சொல்கின்றது.

*நமக்கு உண்மையில் குறைவது என்ன?*

50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளுக்கு ஏறக்குறைய 40 கிராம் புரதம் போதும். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் அதைவிடக் கூட வேண்டும். நமது வீட்டுச் சாப்பாட்டைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். காலையும் பகலும் ரொட்டிக்கு 200 கிராம் கோதுமை மா என்றால் 20 கிராம் புரதம். இரவுக்கு 200 கிராம் அரிசி, அதில் 14 கிராம். 50 கிராம் பருப்பு போட்டால் 12 கிராம். மொத்தம் 46. பலருக்கு இது வியப்பாக இருக்கும். தொகை கிடைத்துவிடுகின்றது, ஆனால் பருப்பை எடுத்துவிட்டு வெறும் ரொட்டியும் சம்பலும் சாப்பிடும் நாளில் தொகையும் விழும், தரமும் விழும். கோதுமையிலும் அரிசியிலும் இல்லாத குறையைப் பருப்பும் கடலையும் பயறும்தான் ஈடு செய்கின்றன. ஆகவே மாதக் கடைசியில் பருப்பைக் குறைத்து மா டின்னை வாங்குவது தலைகீழான வேலை. உலர்ந்த பருப்பு 100 கிராமில் 24 கிராம் புரதம். சோயாமீட்டில் அதைப் போல் இரு மடங்கு (உடன் வரும் சுவைத்தூளில் உப்பு அதிகம், பாதியைப் போட்டால் போதும்). ஒரு முட்டையில் 6 கிராம். நெத்தலிக் கருவாடு கொஞ்சமே போதும். முட்டை விலை ஒரு மாதம் ஏறும், மறுமாதம் இறங்கும். எப்படியானாலும் டின்னின் விலையை அதிலுள்ள மொத்தப் புரத கிராமால் வகுத்துப் பாருங்கள், பருப்பையும் அப்படியே வகுத்துப் பாருங்கள். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்தாலும் இந்தக் கணக்கைச் செய்து தரும்.

உண்மையான பற்றாக்குறை இரும்புச்சத்து. அதற்கு நமது தேத்தண்ணியும் ஒரு காரணம் என்பதைச் சொல்ல எனக்கே சங்கடம். நாம் பறித்து உலகத்துக்குக் கொடுக்கும் அதே தேயிலை, சாப்பாட்டுடன் சேர்ந்து உள்ளே போனால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடம்பு எடுக்க விடாது. ரொட்டியையும் சாயத்தேத்தண்ணியையும் ஒன்றாக வைப்பதுதான் நமது வழக்கம். குளிரில் அதை விடச் சொன்னால் யார் கேட்பார்கள்? விட வேண்டாம். சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். சாப்பாட்டில் தேசிக்காய்ப் புளி, தக்காளி, அல்லது பிறகு ஒரு கொய்யாப்பழம் இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதிலும் 17.3 வீதம்; தோட்டப்புறத்தில் 31.7 வீதம். மூன்றில் ஒரு பிள்ளை. "உயரமாக வளரும்" என்ற விளம்பரம் நமது லயங்களில் ஏன் இத்தனை எடுபடுகின்றது என்பது இந்த எண்ணைப் பார்த்தால் விளங்கும். தாயின் ஆசையில் பிழையில்லை. ஆனால் அந்த உயரம் கர்ப்பத்திலிருந்து இரண்டு வயது வரைக்குமான சாப்பாட்டிலும், அடிக்கடி வரும் வயிற்றோட்டத்திலும், தண்ணீரிலும், மலசலகூடத்திலும் தங்கியிருக்கின்றது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு வாங்கும் டின் அதற்குக் காலம் கடந்த வைத்தியம்.

டின்னைத் தேடி ஓடும் நாம், கிளினிக்கில் இலவசமாகக் கிடைக்கும் திரிபோஷாவை ஏளனமாகப் பார்க்கின்றோம். 1973இல் ஆரம்பமான திட்டம் அது. சோளம், சோயா, பால்மா ஆகியவற்றுடன் விற்றமின்களும் தாது உப்புகளும் சேர்த்தது. 100 கிராமில் ஏறக்குறைய 20 கிராம் புரதம். கடையில் விற்கும் பல டின்களை விட இது கூட. ஒருவருக்கு மாதம் 750 கிராம் பக்கற் இரண்டு, அதாவது நாளுக்கு 50 கிராம் என்பதே கணக்கு. வீட்டிலுள்ள ஐந்து பேரும் பங்குபோட்டால் கர்ப்பிணிக்குக் கிடைப்பது 10 கிராம். மாமியாருக்கும் மச்சானுக்கும் கொடுக்காமல் தான் மட்டும் சாப்பிட மருமகளுக்குக் கை வராது. இதை மாமியார்மாரிடந்தான் பேச வேண்டும். நான் அப்படியே பேசியும் வருகின்றேன்.

திரிபோஷாவிலும் குறை வந்தது. 2022 நெருக்கடியில் மூலப்பொருள் கிடைக்காமல் விநியோகம் தடைப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில், சோளத்தில் பிடிக்கும் பூஞ்சணத்தின் நஞ்சான அஃப்லடொக்சின் அதில் இருப்பதாகப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சங்கத்தினர் கூறியது பெரும் செய்தியாகி, தாய்மார் பயந்துபோனார்கள். அந்தப் பயத்தில் டின் கடைக்காரருக்குத்தான் இலாபம். அரசாங்கத்தின் இலவச மா என்பதற்காக அதன் தரத்தைப் பற்றிக் கேட்கக் கூடாதென்பதில்லை. பக்கற்றின் திகதியைப் பாருங்கள்; கட்டிபிடித்தோ மணம் மாறியோ இருந்தால் குடும்பநல உத்தியோகத்தரிடம் திருப்பிக் கொடுத்துக் கேளுங்கள். லயத்தின் ஈரத்தில் திறந்த பக்கற் சீக்கிரம் பழுதாகும், இறுக்கமான மூடியுள்ள போத்தலில் போட்டு அடுப்படிக்கு அருகில் வையுங்கள்.

"புரோட்டீன் பார்" கேட்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது கடலை உருண்டை. வறுத்த நிலக்கடலை 100 கிராமில் 25 கிராம் புரதம் உண்டு. சுருங்கியது, கறுத்தது, பூஞ்சணம் பிடித்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிட்டு, மிகுதியை ஒன்றிரண்டாக இடித்து, கரைத்துக் கொதிக்க வைத்த கொஞ்சக் கருப்பட்டிப் பாகில் கிளறிச் சூட்டோடு பிடிக்க வேண்டும். கையில் ஒட்டாமலிருக்கச் சிறிது அரிசிமா தொட்டுக்கொள்ளுங்கள். மலைக்குப் போகும்போது இரண்டு உருண்டையைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டால் பத்து மணிப் பசிக்குப் போதும். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு முழுக்கடலை தொண்டையில் சிக்கும் என்பதால், அவர்களுக்கு நன்றாகத் தூளாக்கியே செய்ய வேண்டும்.