லயத்தில் வளர்ந்த தமிழ்

'அரைப்பேர்' என்றால் என்ன? மதுரைத் தமிழரைக் கேட்டால் விழிப்பார். ஹட்டன் தோட்டத்துச் சிறுமியோ உடனே விடை கூறிவிடுவாள். பறித்த கொழுந்து நிறை குறைந்தால் அன்றைய கூலியில் பாதியே பதிவாகும், அதுதான் அரைப்பேர். காலையில் ஆட்கள் கூடும் இடம் பிரட்டுக்களம். ஒப்பந்த வேலை கொந்தரப்பு. அகராதிகளைத் தேடிப் பயனில்லை. இவை மலையில் பிறந்த சொற்கள்.

நேட்டாலுக்கும் மொரீசியஸ் தீவுக்கும் கரும்பு வெட்டச் சென்ற தமிழரின் வழித்தோன்றல்களுள் பெரும்பாலோர் இன்று தமிழ் பேசுவதில்லை. நுவரெலியா மலைகளிலோ ஐந்தாறு தலைமுறை கடந்தும் தமிழே வீட்டுமொழி. வேற்றுமை எங்ஙனம் நேர்ந்தது?

முதற் காரணம் கடல். அவர்கள் கடந்தது பெருங்கடல். இவர்கள் கடந்தது குறுகிய நீரிணை. கோப்பிக் காலத்தில் பருவத்துக்கு வந்து பருவம் முடிந்ததும் ஊர் திரும்பியோர் பலர். 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடிற்று. 1964-ஆம் ஆண்டுப் புயலில் தனுஷ்கோடி அழியும்வரை மணப்பெண்களும் ஊர்ச்செய்திகளும் அவ்வழியே வந்தன.

மற்றொன்று மலையும் தோட்டமும். கங்காணி தன் ஊராரையும் உறவினரையும் கூட்டி வந்தான். அவர்கள் ஒரே லயத்தில் அடுத்தடுத்த அறைகளில் குடியேறினர். சுற்றிலும் தேயிலை, வேலை வாங்கும் மொழியும் தமிழே. துரைமாருக்கென்று தோட்டத் தமிழ் கற்பிக்கும் கைநூல்கள்கூட அச்சாயின! மாசியில் காமன் கூத்து நடந்தால் தோட்டமே திரளும். மன்மதன் எரிந்த கதையைக் குழந்தைகள் ஏட்டில் படித்தறிந்ததில்லை. தப்பொலியோடு கேட்டே அறிந்தனர்.

ஆயினும் இத்தனிமையைப் புகழ மனம் வரவில்லை. பெட்டகத்துள் பொருள் கெடாதிருந்ததென்று, அதனுள் ஆளையும் சேர்த்துப் பூட்டியவனை வாழ்த்துவார் உண்டோ? அதே மதிற்சுவர்தான் இம்மக்களுக்கு நல்ல பள்ளியையும் வெளியுலகத்தையும் மறைத்தது. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெரும்பாலோர் குடியுரிமையும் இழந்தனர். அதை மீட்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

மலை தாழ்ந்தால் மொழி என்னாகும் என்பதைக் களுத்துறை, காலி, மாத்தறைப் பக்கம் காணலாம். அங்கும் தோட்டங்கள் உண்டு, தமிழரும் உண்டு. ஆனால் ஆங்காங்கே சிறு சிறு தோட்டங்கள். இடையிடையே சிங்களக் கிராமங்கள். சிங்களம் கற்பது நன்றே. அயலாரோடு வாழ அது வேண்டும். எனினும் தமிழ்ப் பள்ளி தொலைவில் இருப்பதால் சிங்களப் பள்ளியிலேயே பயிலும் பிள்ளைகள் பலர். அவர்களுக்குத் தமிழ் பேச வரும். எழுத்துக் கூட்டி வாசிக்க வராது.

2012-ஆம் ஆண்டுக் கணக்கின்படி நுவரெலியா மாவட்டத்து மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் தமிழர். அங்கே தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளைகள் பெரும்பாலும் நடந்தே போகிறார்கள். மாத்தறைத் தோட்டத்துப் பிள்ளை பஸ் ஏறவேண்டும்; கட்டணத்துக்கு அன்றைய பேர் முழுப்பேராக இருக்கவேண்டும்.