அபராதம் போனது, புத்தகங்கள் வந்தன

2021 அக்டோபர் 5 அன்று நியூயார்க் நகரின் மூன்று பொது நூலக அமைப்புகளும் தாமத அபராதத்தைக் கைவிட்டன. பழைய பாக்கிகளும் தள்ளுபடியாயின.

அதுவரை நியூயார்க் பொது நூலகத்தில், பெரியவர்களுக்கான புத்தகம் தவணை கடந்தால் நாளொன்றுக்கு 25 சென்ட் கட்ட வேண்டும். ஆறு புத்தகம் எடுத்தவர் பத்து நாள் மறந்தாலே 15 டாலர் சேர்ந்துவிடும். பாக்கி அந்தத் தொகையைத் தொட்டதும் உறுப்பினர் அட்டை முடங்கும். அறிவிப்பு வந்தபோது நகரில் சுமார் 4 லட்சம் பேரின் அட்டைகள் முடங்கிக் கிடந்தன. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வசதி குறைந்த பகுதிகளில் வாழ்பவர்கள். கையில் காசு இருப்பவர் அபராதத்தைக் கட்டிவிட்டு அடுத்த புத்தகத்தை எடுத்தார். இல்லாதவர் நூலகத்தின் பக்கமே வராமல் நின்றார். அவர் எடுத்துப்போன புத்தகமும் வரவில்லை.

அபராதம் இல்லாவிட்டால் யார்தான் புத்தகத்தைத் திருப்பித் தருவார்கள்? இந்தக் கேள்விக்குச் சில மாதங்களிலேயே பதில் கிடைத்தது. மன்ஹாட்டன், பிராங்க்ஸ், ஸ்டேட்டன் தீவுக் கிளைகளுக்கு, தவணை கடந்தவையும் தொலைந்ததாகக் கருதப்பட்டவையுமாக 21,000க்கு மேல் திரும்பின. புரூக்ளினில் 51,000, குவீன்ஸில் 16,000. 2019இல் அபராதத்தை நீக்கிய சிகாகோவிலும் இப்படித்தான் புத்தகங்கள் வந்து குவிந்தன.

அபராதம் போனாலும் தவணைத் தேதி போகவில்லை. நாம் வைத்திருக்கும் புத்தகத்துக்கு இன்னொருவர் காத்திருக்கலாம். ஒரு காலத்தில் புத்தகத்தின் பின் அட்டையில் ஒட்டிய சீட்டில் நூலகர் குத்தும் தேதி முத்திரைதான் ஒரே நினைவூட்டல். இப்போது பல நூலகங்கள் தவணைக்கு முன்பே மின்னஞ்சல் அனுப்புகின்றன. நியூயார்க்கில் வேறு யாரும் முன்பதிவு செய்யாத புத்தகத்தின் தவணை தானாகவே நீட்டிக்கப்படுகிறது. நூலகத்தில் கொடுத்த மின்னஞ்சல் முகவரி மாறியிருந்தால் முதலில் அதைத் திருத்த வேண்டும். நினைவூட்டல் வந்து சேராததற்குப் பல நேரம் அதுவே காரணம்.

இந்த வசதிகள் இல்லாத ஊரிலும் வழி உண்டு. புத்தகம் வாங்கிய கையோடு தேதிச் சீட்டைக் கைபேசியில் படம் எடுத்து, தவணைக்கு இரண்டு நாள் முன்பாக அலாரம் வைத்துவிடலாம். படித்து முடிக்காவிட்டாலும் புதுப்பிக்க அவகாசம் இருக்கும். வீட்டில் நாலு பேர் உறுப்பினர் என்றால் எல்லோரும் ஒரே நாளில் எடுப்பது நல்லது. தவணையும் ஒரே நாளில் வரும். நூலகப் புத்தகங்களுக்கென்று தனித் தட்டு ஒதுக்கினால் சொந்தப் புத்தகங்களோடு அவை கலக்காது.

தொலைத்த புத்தகத்துக்கு நியூயார்க்கிலும் சலுகை இல்லை. தவணை கடந்து ஏறத்தாழ ஒரு மாதமானால் அது தொலைந்ததாகக் கணக்கிடப்பட்டு, விலை கேட்கப்படும். அதற்குப் பிறகும் புத்தகத்தைத் தேடி எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் அந்தத் தொகையைக் கட்ட வேண்டியதில்லை.