பெருமாநல்லூர் தினம்

ஜூன் மாதம் 19-ந் தேதி வருஷந்தோறும் வந்து போகிறது. நாம் பார்த்த நாட்காட்டி எதிலும் அத்தேதிக்கு நேரே ஒரு குறிப்பும் கண்டோமில்லை. திதியும் நக்ஷத்திரமும் இருக்கின்றன, ராகுகாலம் இருக்கிறது. 1970-ம் வருஷம் அதே தேதியில், வெள்ளிக்கிழமையன்று, கோயமுத்தூர் ஜில்லா அவினாசி தாலூகாவைச் சேர்ந்ததாயிருந்த பெருமாநல்லூரில் மூன்று குடியானவர்கள் போலீஸாரின் துப்பாக்கிக்கு இரையானார்கள் என்ற செய்தி மாத்திரம் இல்லை. ஆயிக் கவுண்டர், மாரப்பக் கவுண்டர், ராமசாமி என்ற அம்மூவரின் நாமங்களை அவ்வூருக்கு அப்பால் எத்தனை பேர் அறிவார்கள்?

அவர்கள் கேட்டது ராஜ்யமன்று. கிணற்று மோட்டாருக்கு வாங்கும் மின்சாரக் கட்டணத்தைச் சர்க்கார் உயர்த்தியது. யூனிட்டுக்கு ஒரு பைசாவையாவது குறையுங்கள் என்று விவசாயிகள் கேட்டார்கள். ஒரு பைசாவுக்காகவா இவ்வளவு கிளர்ச்சி என்று பட்டணவாசிகள் அன்று நகைத்ததுண்டு. இன்றும் நகைப்பவர்கள் உண்டு. அவர்களுக்காகச் சிறிது கணக்குப் பார்ப்போம். ஐந்து குதிரைசக்தி மோட்டார் ஒன்று எட்டு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய முப்பது யூனிட் செலவாகும். யூனிட்டுக்கு ஒரு பைசா என்றால் நாளொன்றுக்கு முப்பது பைசா. வருஷத்தில் நூற்றைம்பது நாள் நீர் இறைப்பவனுக்கு நாற்பத்தைந்து ரூபாய். 1970-ம் வருஷத்து நாற்பத்தைந்து ரூபாய் ஒரு சிறு குடியானவனுக்கு என்ன பொருள் தந்தது என்பதை வயது முதிர்ந்த நேயர்கள் அறிவார்கள்.

கணக்கு இதோடு முடிவதுமில்லை. கொங்கு நாடு மேற்குமலையின் மழை மறைவில் கிடப்பது. ஆற்றுப் பாசனம் எட்டாத இத்தாலூகாக்களில் வெள்ளாமை என்றால் கிணறுதான். பாறையை உடைத்துத் தோண்டிய கிணற்றில் எருதுகளைப் பூட்டிக் கவலை இறைத்த காலத்தில் குடியானவன் செலவழித்தது தன் உடலுழைப்பையும் மாட்டின் உழைப்பையும். 1930-களில் பைகாரா மின்சாரம் கோவை ஜில்லாவை எட்டியது, மோட்டார் வந்தது, எருதுகள் விற்கப்பட்டன. கம்போடியாப் பருத்தி கிணற்றுப் பாசனத்தில் செழித்து, திருப்பூர்ச் சந்தையை நிரப்பியது. ஆனால் தண்ணீர் மட்டம் இறங்க இறங்க, அதே நிலத்துக்கு அதே நீரை ஏற்ற அதிக யூனிட்டுகள் வேண்டியிருந்தன. ஆதலால் கட்டண விகிதம் மாறாமல் இருந்த காலத்திலேயே குடியானவனின் கட்டணம் ஏறிக்கொண்டுதான் இருந்தது. பருத்தியின் விலையையோ, நெல்லின் விலையையோ நிர்ணயிக்கும் சக்தி அவனிடம் இல்லை. இருபுறமும் நெருக்குண்டவன் வீதிக்கு வந்தான். அவன் வந்து நின்ற இடம் சேலம்–கோவை நெடுஞ்சாலையில் உள்ள பெருமாநல்லூர்.

வரி உயர்வை எதிர்த்துக் குடியானவர்கள் எழுந்தது நம் தேசத்தில் அதுவே முதல் தடவையன்று. 1928-ம் வருஷம் பார்தோலி தாலூகாவில் நிலவரியை நூற்றுக்கு இருபத்திரண்டு வீதம் பம்பாய் சர்க்கார் உயர்த்தியபோது, வல்லபாய் படேலின் தலைமையில் ஜனங்கள் வரி கொடுக்க மறுத்தார்கள். நிலங்களும் கால்நடைகளும் ஜப்தி செய்யப்பட்டன. முடிவில் அந்நிய சர்க்காரே ஒரு விசாரணைக்கு இணங்கி, உயர்வை நூற்றுக்கு ஆறு அளவில் நிறுத்திக்கொள்ள நேர்ந்தது. படேல் ‘சர்தார்’ ஆனது அப்போதுதான்.

1970-ல் கோட்டையில் இருந்தது அந்நிய சர்க்காரன்று. நாம் வோட்டுப் போட்டு அமர்த்திய சர்க்கார். ஏழைகளின் பெயரைச் சொல்லிப் பதவிக்கு வந்த தி.மு.க. சர்க்கார், முதன் மந்திரி ஸ்ரீ மு. கருணாநிதி. மின்சார வாரியத்துக்கும் செலவு உண்டு, கட்டண விகிதம் எதுவென்பதில் அபிப்பிராய பேதம் இருக்கலாம் என்பதை நாம் மறுக்கவில்லை. கூட்டம் எவ்வளவு கொதித்திருந்தாலும், மூன்று உயிரைப் பறிப்பதற்கு ஒரு பைசா விவகாரம் போதிய காரணமாகுமா என்றே கேட்கிறோம். இதில் ஒரு கட்சியை மாத்திரம் குறை கூறுவதும் நியாயமாகாது. 1972 ஜூலை 5-ந் தேதி மாகாணத்தின் பல இடங்களில் மறுபடியும் துப்பாக்கி வெடித்துப் பதினைந்து விவசாயிகள் மடிந்தார்கள். பின்னர் வந்த அ.தி.மு.க. ஆட்சியிலும் உழவர் மார்பில் குண்டு பாய்ந்தது. கட்சிகள் மாறின, துப்பாக்கி மாறவில்லை.

இக்கிளர்ச்சியை நடத்தியவர்களுள் தலைசிறந்தவர் கோவையை அடுத்த வையம்பாளையம் ஸ்ரீ நாராயணசாமி நாயுடு. 1972-ல் மாட்டு வண்டிகளைக் கொண்டு கோவை நகர வீதிகளை அடைத்து, சர்க்காரைப் பேச்சுக்கு இழுத்தவர். 1984 டிசம்பரில் அவர் காலமானார். பிற்பாடு, 1990 வாக்கில், விவசாயப் பம்பு செட்டுகளுக்கு மின்சாரம் முழுதும் இலவசமாயிற்று. அதைக் கொடுத்ததும் ஸ்ரீ கருணாநிதியின் சர்க்காரேயாகும்! ஒரு பைசா குறைக்க மனமில்லாமலிருந்த கை, முழுவதையும் விட்டுக் கொடுத்தது. இலவசம் வந்த பின் ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரம் அடி வரை இறங்கிவிட்டன என்போர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. அதைத் தனியாக ஆராய வேண்டும். 2024 ஆகஸ்டு 17-ந் தேதி தொடங்கி வைக்கப்பட்ட அத்திக்கடவு–அவினாசித் திட்டம் பவானியின் உபரி நீரை ஆறு நீரேற்று நிலையங்களின் வழியாக 1,045 குளங்குட்டைகளுக்குக் கொண்டு செல்லுகிறது. அறுபது வருஷக் கோரிக்கை அது. அந்நீரையும் மின்சாரமே மேலேற்றுகிறது.

பெருமாநல்லூரில் அம்மூவருக்கு நினைவிடம் இருக்கிறது. வருஷந்தோறும் விவசாய சங்கத்தார் வந்து மாலையிட்டு அஞ்சலி செய்கிறார்கள். நம் குறை என்னவெனில், வருபவர்கள் அவர்கள் மாத்திரமே என்பது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தெற்கே திருப்பூரில், 1932 ஜனவரி 10-ந் தேதி கொடி பிடித்துச் சென்று அடிபட்டு மறுநாள் உயிர் நீத்த குமரனைத் தேசமே போற்றுகிறது, அது தக்கதே. ஆனால் அந்நியன் தடியால் இறந்தவன் தேசத்தின் தியாகி, நம்மவர் குண்டால் இறந்தவன் ஒரு சங்கத்தின் தியாகி என்ற பாகுபாடு எப்படி வந்தது?

அமெரிக்காவிலும் இத்தேதிக்கு ஒரு சரித்திரம் உண்டு. அடிமைகள் விடுதலை பெற்றார்கள் என்ற உத்தரவு டெக்ஸாஸ் ராஜ்யத்துக் கால்வெஸ்டன் நகரில் படிக்கப்பட்டது 1865 ஜூன் 19-ந் தேதி. லிங்கனின் பிரகடனம் அமலுக்கு வந்து இரண்டரை வருஷம் கழிந்த பிறகு. நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் பெரும்பாலும் கறுப்பு ஜனங்களே கொண்டாடி வந்த அத்தினம் 2021-ல் தேச விடுமுறையாயிற்று.

நாம் விடுமுறை கேட்கவில்லை. பெருமாநல்லூரைச் சுற்றிலும் பருத்திக் காடுகள் இருந்த இடங்களில் இப்போது பனியன் சாலைகள் ஓடுகின்றன. வடநாட்டுத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் அந்தச் சாலை வழியே வேலைக்குப் போகிறார்கள். நினைவிடத்தில் உள்ள பெயர்கள் யாருடையவை என்று சொல்ல அவர்களுக்கு ஒருவருமில்லை. வருகிற ஜூன் 19-ந் தேதியன்று ஊராட்சி மன்றத்தாரும், பனியன் முதலாளிகளும், தொழிற்சங்கத்தாரும், பள்ளி உபாத்தியாயர்களும் விவசாயிகளோடு சேர்ந்து அங்கே வரவேண்டுமென்றும், அன்று நடந்தது இன்னதென்று தமிழிலும் ஹிந்தியிலும் எழுதிய பலகை ஒன்றை அங்கே நாட்டவேண்டுமென்றும் கேட்டுக்கொள்ளுகிறோம்.