முதியோர் பராமரிப்பு: பெயர்ப் பட்டியல் மட்டும் போதுமா?

பரந்தன் - முல்லைத்தீவு வீதியிலுள்ள தர்மபுரத்திலிருந்து நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். பாரிசவாதத்தால் ஒரு பக்கம் செயலிழந்த அவரது தாயார் அரச வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பியிருந்தார். நண்பருக்குப் பகல் முழுதும் கடை, மனைவி ஆசிரியை. “காசு கட்டலாம் நானா. நல்ல இடம் எதெண்டு அரசாங்கத்தின்ர நெற்றில பார்த்துச் சொல்லுங்கோ” என்றார்.

அன்றிரவே தேடினேன். முதல் சிக்கல் பெயரிலேயே இருந்தது. ‘நர்சிங் ஹோம்’ என்றால் நம் நாட்டில் சிறிய தனியார் வைத்தியசாலையையும் குறிக்கும். முதியோரைப் பராமரிக்கும் இல்லத்தையும் குறிக்கும். சட்டமோ இரண்டு. நோயாளரை ஏற்றுச் சிகிச்சையளிக்கும் தனியார் நிலையங்கள் 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தல் சபையில் பதிவு செய்து, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். முதியோருக்குச் சேவை வழங்குவோரின் பதிவு 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. எந்தக் கதவைத் தட்டுவது என்பதையே நுகர்வோர் முதலில் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

ஒழுங்குபடுத்தல் சபையின் இணையத்தளத்தில் பதிவு பெற்ற நிலையங்களின் விபரமும் முறைப்பாடு செய்யும் வழியும் உண்டு. பயனுள்ளவைதான். ஆனால் இரவில் எத்தனை தாதியர் கடமையிலிருப்பர், கடைசிப் பரிசோதனையில் என்ன குறை காணப்பட்டது, மாதக் கட்டணம் எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. பதிவு என்பது கடை திறக்க அனுமதி. சரக்கின் தரத்துக்கு அது சான்றாகாது.

வெளிநாடுகளில் என்ன செய்கிறார்கள்? அமெரிக்க அரசு 1998 இல் இதற்கென ஓர் ஒப்பீட்டு இணையத்தளத்தைத் தொடங்கியது. 2008 டிசம்பரில் ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் வழங்கும் முறை வந்தது. பரிசோதகர் அறிக்கை, ஊழியர் எண்ணிக்கை, பராமரிப்புத் தரம் ஆகிய மூன்றையும் வைத்தே நட்சத்திரம் கணிக்கப்படுகிறது. 2019 முதல் துஷ்பிரயோகம் கண்டறியப்பட்ட இல்லத்துக்கு எதிரே எச்சரிக்கைச் சின்னமும் இடப்படுகிறது. இங்கிலாந்தில் நான்கு தரங்கள். 2015 முதல் இல்லங்கள் தமது தரத்தை வாசலிலும் காட்சிப்படுத்த வேண்டும்.

அங்கும் எல்லாம் சரியில்லை. அமெரிக்காவில் ஊழியர் எண்ணிக்கையை இல்லங்களே சொல்லிவந்தன. தன் மோரைப் புளிக்கிறதென்று யார்தான் சொல்வார்? விமர்சனம் எழுந்தபின், 2016 முதல் சம்பளப் பதிவேட்டின் அடிப்படையில் விபரம் பெறத் தொடங்கினர். கட்டணத்தை அத்தளமும் ஒப்பிட்டுக் காட்டுவதில்லை. ஆகவே இணையத்தளம் அழகாக இருப்பது முக்கியமல்ல. அதிலுள்ள தகவலைத் தந்தவர் யார், சரிபார்த்தவர் யார் என்பதே முக்கியம்.

அதுவரை நாம் என்ன செய்யலாம்? முதலில், நடப்பு ஆண்டின் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். முன்னறிவித்தல் இன்றி, மாலை அல்லது இரவு வேளையில் ஒருமுறை போய்ப் பாருங்கள். படுக்கைப் புண் வராமல் எத்தனை மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்க வைக்கிறார்கள் என்று கேளுங்கள். அவசரமென்றால் எந்த வைத்தியசாலைக்கு, யார் செலவில் என்பதையும் முற்பணம் திரும்பக் கிடைக்குமா என்பதையும் எழுத்தில் பெறுங்கள். கட்டணத் தகராறுகளுக்கு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கம் இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி, பரிசோதனை அறிக்கையை உரிய அரச நிறுவனத்திடம் எழுத்தில் கேட்கலாம். கொடுப்பதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் தீர்மானிக்க வேண்டும்.

நண்பர் பதிவு பெற்ற ஓரிடத்துக்கு இரவு எட்டு மணிக்குப் போனார். இருபது பேருக்கு ஒரேயொரு பணிப்பெண். முற்பணத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பிவிட்டார். இப்போது பகல் வேளைக்கு ஊரிலேயே ஒரு பெண்ணைச் சம்பளத்துக்கு அமர்த்தியிருக்கிறார்.

அவர் அந்த இரவில் நேரில் கண்டதை அரசின் பரிசோதகரும் கண்டிருக்கக் கூடும். அதை நாமும் வாசிக்கக் கிடைத்தால் போதும்.